சிங்கப்பூர் கொடுக்கும் 500 மில்லியன்: அடுத்த அதிர்ச்சியில் அந்தக் கடன் தாங்குமா?

பொங்கோல்_அமுதன் | திங்கள், இரவு 9.10

2024 நவம்பரில் பாகுவில் நடந்த காப்29 பருவநிலை மாநாட்டில், ஃபாஸ்ட்-பி என்ற ஆசியா தூய எரிசக்திக்கு மாற உதவும் நிலைமாற்ற நிதித் திட்டத்துக்கு 500 மில்லியன் டாலர் வரை சலுகை மூலதனம் (சந்தையைவிட எளிய நிபந்தனையில் கூடுதல் ஆபத்தை ஏற்கும் பணம்) தருவதாகச் சிங்கப்பூர் சொன்னது. மற்ற அரசுகளும் அறக்கட்டளைகளும் மேம்பாட்டு வங்கிகளும் ஒரு டாலர் போட்டால் நாமும் ஒரு டாலர் போடுவோம். தனியார் பணமும் சேர்த்து மொத்தம் 5 பில்லியன் திரட்டுவது இலக்கு. (இந்த இழையில் டாலர் என்றால் அமெரிக்க டாலர்.)

எவ்வளவு திரண்டது என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்பது என் கருத்து. அடுத்த உலக அதிர்ச்சி வரும் நாளில் அந்தக் கடன் எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் கேள்வி. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டி இருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5.25 - 5.50 விழுக்காட்டுக்கு ஏற்றியது. இலங்கை 2022 ஏப்ரலிலும் கானா அதே ஆண்டு டிசம்பரிலும் எத்தியோப்பியா 2023 டிசம்பரிலும் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தன. ஸாம்பியா கொவிட் காலத்திலேயே, 2020 நவம்பரில், விழுந்துவிட்டது. அது பத்திரதாரர்களோடு பேசி முடிக்க 2024 ஜூன் ஆகிவிட்டது. மூன்றரை ஆண்டு! அதுவரை புதுக் கடனும் கிடைக்காது, புதுத் திட்டமும் நகராது.

அதனால் நம் பணம் போகும் ஒவ்வொரு கடனிலும் இரண்டு நிபந்தனை வேண்டும் என்கிறேன். ஒன்று, அதிர்ச்சி வந்தால் தவணை தானாக நிற்கும் ஷரத்து. இரண்டு, வருமானம் எந்த நாணயத்தில் வருகிறதோ கடனும் அதே நாணயத்தில்.

முதலாவது புதிதல்ல. கரீபியத் தீவு நாடான கிரனடா 2015இல் கடனை மறுசீரமைத்தபோது பத்திரத்திலேயே சூறாவளி ஷரத்தைச் சேர்த்தது. 2024 ஜூலையில் பெரில் சூறாவளி கரியாகு தீவைச் சிதைத்ததும் அதைப் பயன்படுத்தி, பத்திரதாரர்களுக்குப் போகவேண்டிய சுமார் 12.5 மில்லியன் தவணையைத் தள்ளிவைத்தது. யாரிடமும் போய்க் கெஞ்சவில்லை, கடன் தவறியதாகவும் கணக்கில் ஏறவில்லை.

கடன் கொடுத்தவருக்கு இதில் பெரிய நட்டமும் இல்லை. 1 பில்லியன் பத்திரம், 7 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டு வட்டியை நிறுத்தினால் அரசின் கையில் 140 மில்லியன் நிற்கும். நிறுத்திய வட்டிக்கும் அதே 7 விழுக்காடு போட்டால், இரண்டாம் ஆண்டு முடிவில் அசல் 1,144.9 மில்லியன். முதலீட்டாளர் கொடுப்பது காலத்தை மட்டும்தான்.

தெம்பனிஸ்_பத்திரக்காரர் | திங்கள், இரவு 9.52

கணக்கு சரி, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பத்திரத்தை வைத்திருப்பது காப்புறுதி நிறுவனமோ ஓய்வூதிய நிதியோ என்றால், அவர்களும் மாதாமாதம் யாருக்கோ பணம் கொடுக்க வேண்டியவர்கள். 70 மில்லியன் வர வேண்டிய நாளில் வராவிட்டால் வேறொன்றை விற்றுத்தான் சமாளிக்க வேண்டும். அதிர்ச்சி வரும் நாளில் எல்லாரும் விற்பார்கள். அந்தக் காலத்துக்கு ஒரு விலை உண்டு. அது பத்திரம் வெளியிடும் அன்றே வட்டியில் ஏறிவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல், அதிர்ச்சி வந்துவிட்டது என்று யார் மணி அடிப்பது? சூறாவளிக்கு காற்றின் வேகம் இருக்கிறது, காற்றழுத்தம் இருக்கிறது. அதிலேயே தகராறு. பேரிடர் குறித்த அளவைத் தொட்டால் அரசுக்குப் பணம் தரும் ஜமைக்காவின் 150 மில்லியன் டாலர் பேரிடர் பத்திரம் அதே பெரிலுக்கு ஒரு காசு கொடுக்கவில்லை. காற்றழுத்தம் ஒப்பந்தத்தில் சொன்ன அளவுக்கு இறங்கவில்லை. 2025 அக்டோபரில் மெலிசா வந்தபோதுதான் முழுத் தொகையும் கிடைத்தது. இயற்கைப் பேரிடருக்கே இப்படி என்றால், ‘உலகப் பொருளியல் அதிர்ச்சி’ என்பதை எதை வைத்து அளப்பீர்கள்? எண்ணெய் விலையா, அமெரிக்க வட்டியா? எண்ணெய் விலை ஏறினால் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு அடி, ஏற்றுமதி செய்யும் நாட்டுக்கு வரவு. ஒரே ஷரத்தை இருவருக்கும் எழுத முடியாது.

கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் நாங்கள் கட்டுகிறோம் என்ற உத்தரவாதம்தான் எனக்குச் சரியான வழியாகப் படுகிறது. உலக வங்கி 2024 ஜூலையில் தன் உத்தரவாதங்களை எல்லாம் ஒரே தளத்துக்குக் கொண்டுவந்து, 2030க்குள் ஆண்டுக்கு 20 பில்லியன் என்று இலக்கு வைத்திருக்கிறது. நம் 500 மில்லியனும் அந்த வழியில் போகட்டும்.

உட்லண்ட்ஸ்_ரஹீம் | திங்கள், இரவு 10.20

பத்திரக்காரர் அண்ணன் பக்கம்தான் நானும். அரசுப் பணத்தையும் தனியார் பணத்தையும் சேர்க்கும் கலப்பு நிதி எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலே பலர் திட்டுகிறார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 100 மில்லியன் நிதியில் 20 மில்லியன் சலுகைப் பணம் அடியில் உட்காரும். நட்டம் வந்தால் முதலில் கரைவது அதுதான். நட்டம் 20ஐத் தாண்டாதவரை மேலே இருக்கும் வணிக வங்கிகளின் 80 மில்லியனுக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பாதுகாப்பு இருப்பதால்தான் வங்கிகள் இந்தோனீசியாவுக்கோ வியட்நாமுக்கோ 15 ஆண்டுக் கடன் தர முன்வருகின்றன.

உதவிப் பணம் வற்றிக்கொண்டிருக்கும் நேரம் இது. பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடியின் முதற்கட்டக் கணக்கில் 2024இல் அதிகாரபூர்வ மேம்பாட்டு உதவி 7.1 விழுக்காடு குறைந்து 212.1 பில்லியன் ஆனது. இந்தோனீசியா நிலக்கரியைக் குறைக்க 20 பில்லியன் என்று 2022இல் அறிவித்த கூட்டணியிலிருந்து அமெரிக்கா 2025 மார்ச்சில் விலகிக்கொண்டது. வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 4 டிரில்லியன் பற்றாக்குறை என்று 2025இல் ஐநாவின் செவில் மாநாட்டில் பேசினார்கள். அந்தப் பள்ளத்தைத் தனியார் பணம் இல்லாமல் நிரப்ப வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

பொங்கோல்_அமுதன் | திங்கள், இரவு 10.41

ரஹீம், அந்த 20:80 கணக்கு எந்த நாட்டில் நடக்கிறது என்று பாருங்கள். பிரிட்டனின் ஓடிஐ ஆய்வு நிறுவனம் 2019இல் கணக்கிட்டதில், மேம்பாட்டு வங்கிகள் போட்ட 1 டாலருக்குச் சராசரியாக 75 காசு தனியார் பணம்தான் வந்தது. குறைந்த வருமான நாடுகளில் 37 காசு. ஒன்றுக்கு நான்கு வரும் என்று நம்பித் திட்டமிட்டால் லாவோஸ், மியன்மார் போன்ற நாடுகளைத் தொடாமல் நல்ல நாடுகளில் மட்டும் போய் நிற்போம்.

» யார் மணி அடிப்பது?

நல்ல கேள்வி. ஆனால் மணி இல்லாதபோது என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். 2020 மேயில் ஜி20 நாடுகள் தவணை நிறுத்தத் திட்டம் கொண்டுவந்தன. தகுதி 73 நாட்டுக்கு, சேர்ந்தது 48. 2021 டிசம்பர்வரை நிறுத்தியது 12.9 பில்லியன். மற்றவை ஏன் ஒதுங்கின? நிறுத்தம் வேண்டும் என்று வாயைத் திறந்தாலே கடன் தகுதிக் குறியீடு இறங்கும் என்ற பயம். ஜி20இன் ‘பொதுக் கட்டமைப்பு’ ஏற்பாட்டின்கீழ் கடன் மறுசீரமைப்பு வேண்டும் என்று 2021 தொடக்கத்தில் சொன்ன எத்தியோப்பியாவுக்கு அப்படித்தான் இறங்கியது. முதல் நாளிலேயே ஒப்பந்தத்தில் இருக்கும் நிறுத்தத்தை யாரும் கேட்க வேண்டியதில்லை. அதனால் அந்தக் களங்கமும் ஒட்டாது.

ஜூரோங்_மின்பொறியாளர் | செவ்வாய், காலை 7.35

எல்லாரும் அரசுக் கடனையே பேசுகிறீர்கள். நான் ஒரு சூரியசக்தி நிலையத்தின் கணக்குக்குள் போகிறேன், எங்கே உடையும் என்பது அங்கேதான் தெரியும்.

உதாரணத்துக்கு 1 மெகாவாட், செலவு 1 மில்லியன் டாலர், ஆண்டு உற்பத்தி 1,500 மெகாவாட்-மணி. முழுக்கக் கடன், 15 ஆண்டு, சமமான ஆண்டுத் தவணை. வட்டி 5 விழுக்காடு என்றால் தவணை சுமார் 96,300 டாலர். அதாவது யூனிட்டுக்கு 6.4 காசு கடனுக்கே போகிறது. வட்டி 12 என்றால் தவணை 146,800, யூனிட்டுக்கு 9.8 காசு. வெயில் ஒன்றுதான், தகடும் ஒன்றுதான். வட்டி மட்டும் விலையைப் பாதிக்கு மேல் ஏற்றிவிடுகிறது. நிலக்கரிக்கு எரிபொருள் செலவு போகப்போக வரும், சூரியசக்திக்கு எல்லாச் செலவும் முதல் நாளே. அதனால்தான் வட்டி ஏறும் காலத்தில் முதலில் நிற்பது சூரியசக்தித் திட்டம்.

இப்போது நாணயம். இலங்கை ரூபாய் 2022 மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200ஐ ஒட்டி இருந்தது, மே மாதத்தில் 360. மின்சாரத்தை ரூபாயில் விற்று டாலரில் கடன் கட்டுபவருக்கு, 5 விழுக்காட்டுக் கடனிலேயே ஆண்டுத் தவணை 19.3 மில்லியன் ரூபாயிலிருந்து 34.7 மில்லியனாகிவிடும். 80 விழுக்காடு உயர்வு. மின்கட்டணத்தை அப்படி ஏற்றுவது எந்த அரசுக்கும் எளிதல்ல.

ரஹீம் அண்ணே, உங்கள் 20 மில்லியன் அடித்தளம் இங்கேதான் ஆட்டம் காணும். பத்துத் திட்டத்தில் இரண்டு தோற்கும் என்ற கணக்கில் போட்டது அது. ஆனால் ஒரு நாட்டில் பத்து நிலையம் கட்டினாலும் மின்சாரத்தை வாங்குவது ஒரே அரசு மின்வாரியம். அது பாக்கி வைத்தால் பத்துக்கும் ஒரே நாளில் பணம் நிற்கும். வழக்கமான பாதுகாப்பு ஆறு மாதக் கட்டணத்துக்கு ஓர் எல்சி (வங்கியின் கடன் உறுதிக் கடிதம்), மூன்றாம் தரப்பு பிடித்துவைக்கும் ஓர் எஸ்க்ரோ கணக்கு. ஏழாவது மாதம்?

பத்திரக்காரர் சொன்ன உத்தரவாதத்திலும் ஓர் ஓட்டை. உலக வங்கிக் குழுமத்தின் உத்தரவாத அமைப்பான மிகா தரும் காப்பு, பணத்தை மாற்ற முடியாமலோ நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாமலோ போனால் உதவும். நாணய மதிப்பு இறங்கிய நட்டத்தை அது தாங்காது. 2022இல் அடித்ததோ இரண்டும் சேர்ந்து.

யீஷூன்_மலர்விழி | செவ்வாய், பகல் 12.48

மின்பொறியாளர் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் ‘உள்ளூர் நாணயத்தில் கடன்’ என்றதும் பிரச்சினை தீர்ந்துவிட்டதுபோல் அமுதன் எழுதுவதை ஏற்க முடியவில்லை. அடி மறைவதில்லை, வேறு ஆளின் தலையில் விழுகிறது.

யார் தலையில்? இலங்கையில் 2022இல் 3 மாதத் திறைசேரி உண்டியலின் (அரசின் குறுகியகாலக் கடன் பத்திரம்) வட்டி 30 விழுக்காட்டைத் தாண்டியது. செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 விழுக்காட்டை நெருங்கியது. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது ஊழியர் சேமலாப நிதி தன் பத்திரங்களைப் புதியவற்றுக்கு மாற்றிக்கொண்டது: 2025வரை 12 விழுக்காடு, அதன்பின் 9. மாற்றாவிட்டால் அந்த நிதியின் வருமானத்துக்கு வரி 14இலிருந்து 30 விழுக்காடாகும் என்றது சட்டம். நம் மத்திய சேம நிதிக்கு இப்படி ஒன்று வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்திலும் ஆடைத் தொழிற்சாலையிலும் உழைத்தவர்களின் ஓய்வுக்காலப் பணம் அது.

அதோடு எல்லா அடியும் வெளியிலிருந்து வருவதில்லை. இலங்கையில் 2019 டிசம்பரில் மதிப்புக்கூட்டு வரியை 15இலிருந்து 8 விழுக்காட்டுக்கு இறக்கினார்கள், வேறு சில வரிகளையும் எடுத்தார்கள். 2021இல் அரசு வருவாய் நாட்டின் மொத்த உற்பத்தியில் 8.3 விழுக்காடு. அந்த வருவாயை வைத்துக்கொண்டு எந்த ஷரத்து எழுதினாலும் தாங்காது. வரியை 2024 ஜனவரியில் 18ஆக ஏற்றிய பிறகுதான் வருவாய் 13 விழுக்காட்டைத் தாண்டியது. அதன் சுமை அன்றாடப் பொருள் வாங்குகிறவர் மேல் விழுந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நல்ல காலத்தில் ஒழுங்காக வசூலித்திருந்தால் கெட்ட காலத்தில் ஏழையிடம் பறித்திருக்க வேண்டாம்.

சிங்கப்பூர் ஒன்று செய்யலாம் என்றால், ஒத்துழைப்புத் திட்டத்தில் 1992 முதல் வெளிநாட்டு அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்துவருகிறோமே, அதில் வரி நிர்வாகத்துக்கும் கடன் அலுவலகத்துக்கும் கூடுதல் இடம் ஒதுக்குவது. செலவு மிகக் குறைவு.

பொங்கோல்_அமுதன் | செவ்வாய், மாலை 6.30

அக்கா, வரி வேண்டாம் என்று நான் எங்கும் எழுதவில்லை. ஆனால் வரி வசூலை உயர்த்த ஆண்டுக்கணக்கில் ஆகும், டாலர் வட்டி ஏறப் பதினாறு மாதம் போதும். உள்ளூர் நாணயத்தில் கடன் என்றால் உள்ளூர் ஓய்வூதிய நிதியிடம் வாங்குவது என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். நான் சொல்வது, வெளிநாட்டவர் ரூபாயில் கடன் கொடுத்து, நாணய ஆபத்தை டிசிஎக்ஸ் போன்ற நிதியத்திடம் மாற்றிவிடுவது. 2007 முதல் இதற்கென்றே இயங்கும் நிதியம் அது, வணிக வங்கிகள் தொடாத நாணயங்களுக்கும் நீண்டகால ஸ்வாப் (நாணய மாற்று ஒப்பந்தம்) விற்கிறது.

தெம்பனிஸ்_பத்திரக்காரர் | செவ்வாய், இரவு 8.05

விற்கிறது, விலையோடு. டாலர் கடன் 6 விழுக்காடு, ஹெட்ஜிங் (நாணய ஆபத்துக் காப்பு) 8 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 14ஆகிவிட்டது. மின்பொறியாளரின் 9.8 காசையும் தாண்டிவிடும். இதனால்தான் திட்டக்காரர்கள் ஹெட்ஜிங் இல்லாமல் டாலரில் வாங்கி, மதிப்பு இறங்காது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

பொங்கோல்_அமுதன் | செவ்வாய், இரவு 8.19

அந்த 8 விழுக்காட்டில் ஒரு பகுதியை ஏற்கத்தான் சலுகைப் பணம்! முதல் நட்டத்தைத் தாங்க 20 மில்லியனை அடியில் போட்டுவைப்பதற்குப் பதில், அதையே ஹெட்ஜிங் செலவுக்கு மானியமாகக் கொடுங்கள். மின்வாரியம் பாக்கி வைக்கக் காரணமே பெரும்பாலும் நாணயம்தான். காரணத்தில் கை வைத்தால் நட்டம் பாதி குறையும்.

உட்லண்ட்ஸ்_ரஹீம் | செவ்வாய், இரவு 8.44

முதல் நட்டப் பங்கு திரும்பி வரும் பணம், திட்டம் நன்றாக ஓடினால் இன்னொரு நாட்டுக்குச் சுழலும். ஹெட்ஜிங் மானியம் போனால் போனதுதான். நம் அரசு கொடுப்பது வரிப்பணம். ‘நன்கொடையா, முதலீடா?’ என்று நாடாளுமன்றத்தில் கேட்டால் பதில் வேண்டும். வளர்ச்சி வங்கிகள் தங்கள் ஐந்தொகையை (சொத்து-பொறுப்புக் கணக்கை) நன்றாகப் பிழிந்தாலே கொஞ்சம் கிடைக்கும். ஆசிய வளர்ச்சி வங்கி 2023இல் மூலதன விதியைத் தளர்த்திப் பத்தாண்டில் 100 பில்லியன் கூடுதலாகக் கொடுக்க வழி செய்தது. அதில் ஒரு சிறு பகுதி உள்ளூர் நாணயத்துக்குப் போகட்டும், நம் 500 மில்லியன் சுழலட்டும்.

யீஷூன்_மலர்விழி | செவ்வாய், இரவு 9.30

அதிர்ச்சியோடு ஏறி இறங்கும் பத்திரம் ஏற்கெனவே வந்துவிட்டதே, அதை யாரும் பேசவில்லை. 2024 டிசம்பரில் இலங்கை பழைய பத்திரங்களுக்குப் பதிலாகக் கொடுத்தவற்றில் பெரும்பகுதி பொருளியலோடு கட்டப்பட்டது. 2025, 2026, 2027 மூன்றாண்டின் சராசரி டாலர் ஜிடிபியைப் பார்த்து 2028 முதல் கொடுக்கும் தொகை கூடும் அல்லது குறையும். ஸாம்பியாவின் பத்திரத்தில் நாடு நன்றாக இருந்தால் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், மோசமானால் குறைப்பு இல்லை. அதோடு ஒப்பிட்டால் இலங்கையுடையது மேல்.

இரண்டு குறை இருக்கிறது. அளவுகோல் டாலர் ஜிடிபி. ரூபாய் கொஞ்சம் வலுவானாலே அந்த எண் பெருக்கும், அரசுக்கு ஒரு ரூபாய் கூட வருவாய் கூடாமலே. கொடுப்பனவு மேலே போவதற்கு உண்மை வளர்ச்சிச் சோதனை ஒன்றையும் சேர்த்தது இதற்குத்தான். இன்னொன்று வேகம். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலையகத்தைச் சரித்தது. தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் மண்ணுக்குள் போன அந்த வாரம் பணம் வேண்டியிருந்தது. இந்தப் பத்திரம் அதை உணர்வதோ 2028இல். டிசம்பரில் அனைத்துலகப் பண நிதியத்திடம் சுமார் 200 மில்லியன் டாலர் அவசரக் கடன் எடுத்தார்கள். நிவாரணத்துக்கும் கடன்.

தெம்பனிஸ்_பத்திரக்காரர் | செவ்வாய், இரவு 10.02

இதைப் படித்தபின் என் நிலையைத் தெளிவாக்குகிறேன். பேரிடருக்கான நிறுத்த ஷரத்தை எதிர்க்கவில்லை, அளவுகோல் இருக்கிறது, கிரனடாவில் வேலை செய்தது. வட்டி, எண்ணெய் போன்றவற்றுக்கு எழுதுவதைத்தான் எதிர்க்கிறேன். அப்படியும் எழுதியே தீர வேண்டும் என்றால், முடிவு கடன் வாங்கிய அரசின் கையிலும் இருக்கக் கூடாது, கடன் கொடுத்தவர் கையிலும் இருக்கக் கூடாது. பண நிதியம் அவசரக் கடன் அங்கீகரித்த நாளையே தொடக்க நாளாக வைக்கலாம். பொதுவெளியில் தேதியோடு இருக்கும், தகராறு வராது. ஆயுள் முழுக்க இரண்டு முறைக்கு மேல் கூடாது, கடைசி ஆண்டில் கூடாது. இதனால் வட்டியில் ஏறும் அந்தக் கொஞ்சத்தைச் சலுகைப் பணம் ஏற்கலாம். ஹெட்ஜிங்கைவிட அது மலிவு என்பது என் மதிப்பீடு.

பொங்கோல்_அமுதன் | செவ்வாய், இரவு 10.15

பண நிதியத்தின் ஒப்புதலைக் காத்திருந்தால் தாமதம். இலங்கைக்கு 2022 ஏப்ரலில் கைவிரித்தபின் 2023 மார்ச் 20வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீங்கள் சொல்வது அவசரக் கடன் என்பதால் வேகம் வரும், ஆனால் கடன் தாங்காது என்று நிதியம் முடிவு செய்த நாட்டுக்கு அதுவும் கிடைக்காது. அந்த நாட்டுக்குத்தான் நிறுத்தம் முதலில் வேண்டும். அதனால் பண நிதியத்தின் ஒப்புதலோ, டாலர் கையிருப்பு மூன்று மாத இறக்குமதிக்குக் கீழே இறங்குவதோ, எது முதலோ அது என்று எழுத வேண்டும்.

தெம்பனிஸ்_பத்திரக்காரர் | செவ்வாய், இரவு 10.21

கையிருப்புக் கணக்கை வெளியிடுவது அந்த நாட்டின் மத்திய வங்கியே. வேறொரு மத்திய வங்கியிடம் ஸ்வாப்பில் வாங்கிய, செலவழிக்க முடியாத பணத்தையும் அதில் சேர்த்துக் காட்டலாம், கழித்தும் காட்டலாம். ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஜூரோங்_மின்பொறியாளர் | புதன், காலை 7.20

எந்த மணியாகவும் இருக்கட்டும், ஷரத்தை எழுதும்போது ஒன்றைத் தவறவிட்டால் எல்லாம் வீண். திட்டக் கடனில் அசலை நிறுத்தினால் அந்தப் பணம் யாரிடம் நிற்கிறது?

என் உதாரணத்தில் முதலாண்டுத் தவணை 96,300இல் வட்டி 50,000, அசல் 46,300. அசலை நிறுத்தினால் யூனிட்டுக்கு 3.1 காசு மிச்சம். ஆனால் மின்வாரியம் ஒப்பந்த விலையை அப்படியே கொடுத்துக்கொண்டிருந்தால், அந்த 3.1 காசு நிலையத்தின் பங்குதாரருக்கு ஈவுத்தொகையாகப் போய்விடும். கட்ட முடியாமல் தவிப்பது வாரியம், மூச்சுவிடுவது பங்குதாரர்.

ஆகவே மூன்று ஆவணத்தையும் ஒரே நேரத்தில் திருத்த வேண்டும். கடன் ஒப்பந்தத்தில் அசல் நிறுத்தம். பங்குதாரர் ஒப்பந்தத்தில் நிறுத்தம் முடியும்வரை ஈவுத்தொகைத் தடை. மின் கொள்முதல் ஒப்பந்தத்தில் அதே காலத்துக்கு அதே தொகை விலைத் தள்ளிவைப்பு. கொள்முதல் ஒப்பந்தம் 20 ஆண்டு, கடன் 15 ஆண்டு என்றால் கடைசி ஐந்தாண்டு கடனில்லாத வால். தள்ளிவைத்த இரண்டாண்டு அதற்குள் அடங்கும். கொள்முதலும் 15 ஆண்டு என்றால் அடங்காது, முதலிலேயே 17ஆக எழுத வேண்டும். இதைப் பெரும்பாலும் மூன்று வெவ்வேறு வழக்கறிஞர் குழு எழுதுகிறது. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமலே கையெழுத்தாவதும் உண்டு. நம் பணம் போகும் திட்டங்களில் மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்த பிறகே பணம் விடுவிக்கப்பட வேண்டும்.